64 கேள்விகளில் இல்லாத ஒரு கேள்வி

போன ஆண்டு ஆறு மாதம் நான் பொய் சொல்லிச் சம்பாதித்தேன். ஒரு பொய்க்கு 800 ரூபாய், பெட்ரோல் காசு தனி. இந்த வேலைக்கு மிஸ்டரி ஷாப்பிங் என்று பெயர். வாடிக்கையாளர் போல ஒரு கடைக்குள் போக வேண்டும், விலை கேட்க வேண்டும், குறை சொல்ல வேண்டும், வெளியே வந்து 24 மணி நேரத்துக்குள் செயலியில் இருக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். நாம் வேவு பார்க்க வந்தவர் என்பது கடை ஊழியருக்குத் தெரியக் கூடாது. ஆனால் நம்மை அனுப்பியதே அந்தக் கடையின் முதலாளிதான்.

துணிக்கடை, பெட்ரோல் பங்க், வங்கி என்று ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கோவைக்கு வெளியே இருக்கும் ஒரு மூத்தோர் குடியிருப்பு வந்தது. ‘சீனியர் லிவிங்’ என்றால்தான் பலருக்கும் புரியும். அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே வீட்டை விலைக்கோ நீண்டகாலக் குத்தகைக்கோ வாங்க வேண்டும். அதற்கு மேல் மாதப் பராமரிப்புக் கட்டணம். பொதுச் சமையலறை, நர்ஸ், ஆம்புலன்ஸ், நடைபாதை, கோயில் எல்லாம் உள்ளேயே இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்கும் ஓய்வுபெற்றவர்களை நம்பி வளர்ந்த தொழில் இது. இந்தியாவில் இதற்குப் பேர்போன ஊர்களில் கோவை முன்வரிசையில் நிற்கிறது.

நான் நடிக்க வேண்டிய பாத்திரத்தைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. அம்மாவுக்கு 72 வயது, அப்பா இல்லை, ஒரு படுக்கையறை வீடு போதும், மூன்று மாதத்துக்குள் முடிவெடுப்போம். மற்ற விவரங்களை நம் விருப்பம்போல் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பொய்யை நினைவில் வைத்திருப்பது கடினம் என்பதால் மற்றதெல்லாம் என் அம்மாவின் உண்மையையே சொன்னேன்.

விற்பனைப் பிரிவில் இருந்தவர் என் வயதுக்காரர். எழுந்து நின்று வரவேற்றார், இளநீர் கொடுத்தார். “அம்மாவுக்கு எந்த ஊருங்க சார்?” என்றார். அவினாசிப் பக்கம் என்றேன். “அட, நம்ம ஊருங்க. அங்க எந்தப் பக்கங்க?” சொன்னேன். “தோட்டம் இருக்குங்களா?” இல்லை என்றேன். “குலதெய்வம் கோயில் எங்கீங்க?” அதையும் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. கையேட்டைத் திருப்பிக் காட்டினார். “இங்க ப்யூர் வெஜ் சார். வீட்டுக்குள்ளயும் நான்வெஜ் சமைக்கக் கூடாதுங்க. வெங்காயம் பூண்டு இல்லாம தனிப் பந்தியே இருக்குது. எல்லாரும் ஒரே மாதிரி ஃபேமிலிங்க, லைக்மைண்டட். வெளியில இருந்து வர்றவங்களுக்கு அட்ஜஸ்ட் ஆகறதுதான் கொஞ்சம் சிரமம். அம்மாவுக்கு இங்க செட் ஆகுமான்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.”

வாசல்வரை வந்து வழியனுப்பினார். படிவத்தில் 64 கேள்விகள். பணியாளர் மூன்று நிமிடத்துக்குள் கவனித்தாரா, சிரித்தாரா, பெயர் சொல்லி அழைத்தாரா, தண்ணீர் கொடுத்தாரா, கழிப்பறை உலர்ந்திருந்ததா, சக்கர நாற்காலிச் சரிவைக் காட்டினாரா, உணவு முறையை விளக்கினாரா, குடும்பப் பின்னணியில் அக்கறை காட்டினாரா. எல்லாவற்றுக்கும் ஆம். அவருக்கு நான் போட்ட மதிப்பெண் 94. என் அம்மாவை வாசலிலேயே சலித்து வெளியே வைத்த மனிதருக்கு என் கையாலேயே 94 போட்டேன். படிவத்தின்படி அது சரியான மதிப்பெண். அவர் கேட்ட அந்த நான்கு கேள்விகளைப் பற்றிக் கேட்க 64 கேள்விகளில் ஒன்றுகூட இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். அவர் ஊசி போடப் போகும்போது “நீ எந்த ஊரு கண்ணு?” என்று கேட்ட கிழங்கள் எத்தனையோ என்பார். “அங்க போய் நான் கருவாடு வறுத்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்களா, போலீஸைக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டார். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. எங்கள் குடும்பத்தில் ஓய்வூதியம் வாங்கும் முதல் ஆள் அவர். இட ஒதுக்கீட்டின் முதல் தலைமுறை இப்போதுதான் முதுமைக்குள் நுழைகிறது. கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும் இருக்கும் அதே காரணங்களுக்காக, அவசரத்துக்கு ஒரு நர்ஸ் வருவார் என்ற நம்பிக்கையை அவர்களும் விலைக்கு வாங்க நினைப்பார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் உடைத்த கதவை 72 வயதில் மறுபடி உடைக்க வேண்டுமா?

“சைவம் சாப்பிடுவது அவர்கள் உரிமை, இதில் சாதி எங்கே வந்தது?” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவர் உரிமைதான். சைவச் சமையலறை ஒன்று நடத்துவதையும் தீண்டாமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் வீட்டுக்குள்ளும் முட்டை வேகக் கூடாது என்று ஒரு குடியிருப்பு விதி போடுகிறது என்றால், அது சமையல் குறிப்பு அல்ல, சல்லடை. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தலித்துகளும் அதில் தாமாகவே நின்றுவிடுவார்கள். கவுண்டரோ முதலியாரோ வந்தால் “வெளியில போய்ச் சாப்பிட்டுக்கலாங்க” என்று சல்லடையின் கண் கொஞ்சம் பெரிதாகும். இது என் ஊகமாகவும் இருக்கலாம். ஊகமா உண்மையா என்று தெரிந்துகொள்ளத்தான் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

அந்தக் குடியிருப்பில் இன்னொன்றும் பார்த்தேன். படுக்கையில் கிடப்பவர்களைத் துடைத்து, குளிப்பாட்டி, உடை மாற்றிவிடும் பெண்கள் பக்கத்துக் கிராமங்களின் காலனிகளிலிருந்து வேனில் வருகிறார்கள். அவர்கள் சாப்பிடுவது பின்கட்டில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுக்கு இடமில்லை, சமையலறைக்குள்ளும் போகக் கூடாது. இன்னொருவர் கை தொடாமல் ஒரு நாளும் கழியாத வயது முதுமை. அந்தக் கை யாருடையது என்று தெரிந்தேதான் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதே கை பக்கத்து வீட்டின் சாவியைப் பிடிக்கும்போதுதான் ‘லைக்மைண்டட்’ குறுக்கே வருகிறது.

சரி, சோதனைக்கு வருகிறேன். மிஸ்டரி ஷாப்பிங் முதலாளிகளின் கருவி. ஊழியர் கல்லாவில் கை வைக்கிறாரா என்று பார்க்கத்தான் அமெரிக்காவில் அது தொடங்கியது. ஆனால் அதே கருவியை அங்கே கறுப்பின மக்களுக்கான வீட்டுரிமை இயக்கங்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்தன. ஒரே வீட்டுக்கு ஒரு கறுப்பினத்தவரையும் ஒரு வெள்ளையரையும் தனித்தனியே அனுப்புவார்கள். இருவருக்கும் ஒரே வருமானம், ஒரே தேவை. பதில்கள் மட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகருக்கு அருகே ஒரு நிறுவனம் கறுப்பினப் பெண்ணிடம் வீடு காலி இல்லை என்றது, வெள்ளையரிடம் இருக்கிறது என்றது. “இவருக்கு வாடகைக்கு வரும் எண்ணமே இல்லையே, இவர் எப்படி வழக்குப் போடலாம்?” என்று நிறுவனம் கேட்டது. அந்த ‘ஹேவன்ஸ் ரியால்டி’ வழக்கில் 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இதுதான்: உண்மையான தகவலைப் பெறும் உரிமையைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது, பொய் சொன்னபோதே அந்த உரிமை மீறப்பட்டுவிட்டது, அவர் வழக்குத் தொடுக்கலாம்.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் 2012இல் டெல்லி, நொய்டா, குர்கான், பரிதாபாத், காசியாபாத்தில் வாடகை வீடு தேடுபவர்களாகத் தொலைபேசியில் பேசினார்கள். உயர்சாதி இந்துவாக அறிமுகப்படுத்திக்கொண்டவர்களுக்கு மறுப்பே இல்லை. தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் நேரடியாக ‘இல்லை’ என்றார்கள். இன்னும் பலருக்கு நிபந்தனைகளோடு ‘ஆம்’.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வை அப்படியே நகலெடுக்க முடியாது. காரணம் கேட்டால் உங்களுக்குப் பெருமையாகவே இருக்கும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இன்று பெயரை மட்டும் வைத்து இங்கே ஒருவரின் சாதியைக் கண்டுபிடிப்பது கடினம். வடக்கே பெயரைக் கேட்டாலே முடிந்துவிடும் விசாரணை இங்கே ஊர், தெரு, தோட்டம், குலதெய்வம், சாப்பாடு என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. அந்த விற்பனையாளர் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டி வந்ததே சுயமரியாதை இயக்கத்தின் வெற்றிதான். அந்த நான்கையும் கூச்சமில்லாமல் அவர் கேட்க முடிந்ததும், நான் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதும் நாம் எங்கே நின்றுவிட்டோம் என்பதைக் காட்டுகிறது. ஆகவே இங்கே சோதிப்பவர்கள் குறிக்க வேண்டியது கிடைத்த பதிலை மட்டுமல்ல, கேட்கப்பட்ட கேள்விகளையும். எத்தனையாவது நிமிடத்தில் ஊர் கேட்டார்கள், எந்தப் பதிலுக்குப் பிறகு வீட்டின் விலை ஏறியது, எப்போது ‘யோசிச்சுக்கோங்க’ வந்தது என்றெல்லாம் எழுதிவைக்க வேண்டும்.

நானும் ஒரு நண்பரும் இதை ஒரு முறை செய்து பார்த்தோம். வேறொரு குடியிருப்பு, ஒரே நாள், ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு போன். அம்மா வயதும் பட்ஜெட்டும் ஒன்றேதான். தோட்டமும் கோயிலும் மட்டும் வேறு. அவருக்கு இரண்டு வீடுகள் காலி, எனக்கு ‘வெயிட்டிங் லிஸ்ட்’. இதைக் கொண்டுபோய் யார் மீதும் குற்றம் சாட்ட மாட்டேன். இரண்டு போன்களில் எதுவும் நிரூபணமாகாது. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு வீடும் விற்றிருக்கலாம். 40 குடியிருப்புகளில், ஒவ்வொன்றிலும் மூன்று ஜோடிகள் போய், தேதியும் நேரமும் குறித்து, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காமல் எழுதினால், ‘தற்செயல்’ என்ற வார்த்தையைச் சொல்வது அவர்களுக்குக் கடினமாகும்.

சட்டத்தில் நமக்குப் பிடி இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. அதன் 6ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக ஒருவருக்குப் பொருளையோ சேவையையோ மறுப்பதைக் குற்றமாக்குகிறது. மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் அவருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனை: ஜோடிச் சோதனையின் செய்முறையே இதுதான். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர்கள் தலையில். அரசமைப்பின் 15(2) பிரிவில் உள்ள ‘கடை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டபோது, காசுக்குச் சேவை தரும் எவரும் அதில் அடங்குவர் என்ற பொருளில் 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். 2011இல் உச்ச நீதிமன்றமும் அந்த விரிந்த பொருளையே ஏற்றது. எதிர்த்தரப்பிடமும் ஒரு தீர்ப்பு உண்டு. 2005இல் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது கூட்டுறவுச் சங்கம். நான் பேசுவது பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைக்கும் வணிக நிறுவனங்களைப் பற்றி.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். என்னிடம் இளநீர் கொடுத்த அந்தப் பையனின் பெயரையோ குரலையோ இணையத்தில் போட்டு அசிங்கப்படுத்துவது இந்தச் சோதனையின் வேலை அல்ல. அவருக்கு மாதக் கடைசியில் இலக்கு இருக்கிறது, மேலே ஒருவர் இருக்கிறார். அவர் கேட்ட கேள்விகள் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை. மிஸ்டரி ஷாப்பிங்கில் என்னை உறுத்திய இன்னொரு விஷயமும் இதுதான். கீழே இருப்பவரின் சிரிப்பை அளப்பார்கள், மேலே இருப்பவரின் விதியை யாரும் அளப்பதில்லை. அறிக்கை நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட வேண்டும். 2021இல் அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்திடம் கொடுக்கப்பட வேண்டும்.

இது நமக்குப் புதிய வேலையும் அல்ல. தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குச் சிரட்டை அல்லது தனிக் குவளை என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்த தோழர்கள் செய்ததும் இதைத்தான். அவர்களுக்கு 800 ரூபாயும் பெட்ரோல் காசும் யாரும் கொடுக்கவில்லை. பல இடங்களில் அடிதான் கிடைத்தது. நம்மில் பலருக்கு ஆங்கிலம் தெரியும், நல்ல சட்டை இருக்கிறது, ஏசி வரவேற்பறைக்குள் கூசாமல் போய் உட்காரத் தெரியும். அவர்கள் டீக்கடையில் செய்ததை நாம் அந்த வரவேற்பறையில் செய்யலாம்.

கோவையில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். படிவத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம், இப்போதைக்கு 22 கேள்விகள். சென்னையிலும் ஓசூரிலும் ஆள் தேவை. முதல் ஞாயிற்றுக்கிழமை அவினாசி சாலையில் ஒரு இடத்துக்குப் போகிறோம். என் ஜோடியில் இந்த முறை நடிப்பு இல்லை, அம்மாவே நேரில் வருகிறார். கருவாட்டைப் பற்றித் தானே கேட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.