பொன்னாடையை மதியத்துக்கு வையுங்கள்

சில வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு பதிவர் சந்திப்புக்குப் போயிருந்தேன். காலை முழுவதும் வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது. ஆனால் நான் போன காரியம் வேறு.

ஓய்வு பெற்ற பின் என் தாயாரைப் பற்றி நாற்பது பக்கம், ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். கணினியை மாற்றித் திறந்து பார்த்தால், தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஆங்கில எழுத்துகளாக நிற்கின்றன. கடைக்காரர், "போனது போனதுதான் சார்" என்றுவிட்டார்.

சந்திப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, என் பேரன் வயதுத் தம்பி ஒருவர் வராந்தாவில் உட்கார்ந்து பென்டிரைவை வாங்கிப் பார்த்தார். "ஒண்ணும் போகலை ஐயா, அந்த எழுத்துரு இதுல இல்லை, அவ்வளவுதான்" என்று எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். முதல் வரியில் அம்மா பெயரைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

கூடவே தமிழ்99 விசைப்பலகையும் பழக்கினார். உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம். ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழுகிறது. 'அம்மா'வுக்கு நான்கே தட்டு. ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ஐந்து. 1999-லேயே வந்துவிட்டதாம், நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

சந்திப்பு நடத்தும் நண்பர்களே, அந்த வராந்தாப் பாடத்தைக் காலை பத்து மணிக்கு மேடையில் வையுங்கள். பொன்னாடையை மதியம் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டதும் எங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். போர்த்திக்கொள்ள வசதியாக இருக்கும்.