அடியாரின் உரிமையும் ஆண்டவனின் மன்னிப்பும்

யாழ்ப்பாணத்தில் வேலி என்பது வெறும் வேலியன்று. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நிரையாக நட்டு, கிடுகு வரிந்து கட்டிய அந்த அரணுக்குள்ளே ஒரு குடும்பத்தின் மானமும் வழக்கும் வரலாறும் அடங்கிக் கிடக்கும். அயலவர் ஊரில் இல்லாத வேளை பார்த்து ஒரு கதியாலைச் சாணளவு தள்ளி நட்டதனால், இரண்டு மூன்று தலைமுறை நீதிமன்றப் படியேறிய குடும்பங்களை அறியாதவர் குடாநாட்டில் இலர். நம்மூர் அப்புக்காத்துமார் பலர் மாடி வீடு கட்டியதில் இக்கதியாலுக்கும் பங்குண்டு என்றால் அது முழுப் பொய்யாகாது.

இந்தச் சாணளவு நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் அவர்களும் பேசியிருக்கிறார்கள். பிறர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாகக் கவர்ந்தவனுடைய கழுத்திலே, மறுமை நாளில் ஏழு பூமிகளின் சுமை மாட்டப்படும் என்பது அவர்களுடைய வாக்கின் கருத்து. புகாரி, முஸ்லிம் என்னும் இருபெரும் நபிமொழித் தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது. பாலைவனத்து மக்களுக்குச் சொல்லப்பட்ட அவ்வெச்சரிக்கை, பரப்புக் கணக்கில் காணியை அளந்து உயிராய்ப் பேணும் நம்மவர்க்கும் மிகப் பொருந்துவதன்றோ!

இஸ்லாத்தில் பாவமன்னிப்புக் கோருதலைத் ‘தௌபா’ என்பர். திரும்புதல் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். இறைவன் தன் அடியான் திரும்பி வருவதை விரும்புகிறான். பாவம் கடல் நுரையளவு பெருகினும் அவன் கருணை அதனினும் பெரிது. உயிர் தொண்டைக்குழியை எட்டும் வரை அவ்வாயில் அடைபடுவதில்லை. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவன் திருந்த வழி தேடிச் சென்ற கதையைப் பள்ளிவாசல் சொற்பொழிவுகளிற் பலரும் கேட்டிருப்பர். நம்பிக்கை இழத்தலையே பெருங்குற்றமாகக் கொள்ளும் மார்க்கம் அது.

எனினும் இவ்விடத்திலே அறிஞர்கள் ஒரு கோடு கிழிக்கின்றனர். 1277 ஆம் ஆண்டில் மறைந்த இமாம் நவவி அவர்கள், தம்முடைய ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் நூலின் தொடக்கத்திலேயே தௌபாவின் நிபந்தனைகளைக் கூறுகிறார்கள். பாவத்தை விட்டொழித்தல், செய்ததற்கு மனம் வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலான குற்றத்திற்குப் போதுமானவை. குற்றம் மற்றொரு மனிதனுக்கு இழைக்கப்பட்டதாயின் நான்காவது ஒன்றும் வேண்டும். அது பறித்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தல், அல்லது அவருடைய மன்னிப்பைப் பெறுதல். இதனை ‘ஹக்குல் இபாத்’, அடியார்களின் உரிமை, என்பர். 1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்களோ இன்னும் கண்டிப்பாக, மனிதன் தான் பிறர்க்கிழைத்த ஒவ்வோர் அநியாயத்தையும் கணக்கெடுத்து, உரியவரைத் தேடிச் சென்று தீர்க்க வேண்டும் என்கிறார்கள்.

தீர்க்காவிடின் யாது நிகழும்? நபியவர்கள் தம் தோழரிடம், ஓட்டாண்டி எவன் என்று ஒருமுறை வினவினார்கள். கையிற் காசில்லாதவன் என்றனர் தோழர். அன்று, தொழுகை, நோன்பு, ஸக்காத்து ஆகிய நன்மைகளோடு மறுமையில் வந்தும், ஒருவரை ஏசி, ஒருவர்மீது பழி சுமத்தி, ஒருவர் பொருளை விழுங்கி, ஒருவரை அடித்திருப்பவனே ஓட்டாண்டி என விளக்கினார்கள். அவனுடைய நன்மைகள் ஒவ்வொன்றாக எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்து கடன் தீராவிடின், அவர்களுடைய பாவங்கள் எடுத்து அவன் தலையிற் சுமத்தப்படும். கொம்பில்லா ஆட்டை முட்டிய கொம்புள்ள ஆட்டிடமும் அந்நாளில் கணக்குத் தீர்க்கப்படும் என்பது மற்றொரு நபிமொழியின் கருத்து.

இக்கருத்து ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உற்றார், அயலார் வீடுகளுக்குச் சென்று, தெரிந்தும் தெரியாமலும் செய்த குறைகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டு விடைபெறுவது நம் நாட்டு முஸ்லிம்களின் வழக்கம். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னரும், இறந்தவர் எவர்க்கேனும் கடன்பட்டிருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு அறிவிப்பர். மூன்று தீனார் கடன் வைத்து இறந்த ஒருவருக்கு நபியவர்கள் தாமே தொழுவிக்க முன்வராது நின்றதும், அபூகதாதா என்னும் தோழர் அக்கடனை ஏற்ற பின்னரே தொழுவித்ததும் இவ்வழக்கத்தின் வேர்.

இவ்வளவும் எழுதிய பின், யாழ்ப்பாணத்தில் வாழும் ஒருவன் சோனகத் தெருவை எண்ணாமல் பேனாவைக் கீழே வைத்தல் நேர்மையாகாது.

1990 ஒக்டோபர் 30 ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்திற்கு வரும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கூடியவர்களிடம், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டனர். சாவகச்சேரி முஸ்லிம்கள் சில நாட்களுக்கு முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். போகும் வழியில் பணமும் நகையும் பறிக்கப்பட்டன; பெண்களின் தோடுகளும் தப்பவில்லை. அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளிலிருந்து தளபாடங்களும், பின்னர் கதவும் யன்னலும் ஓடும் போயின.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டிலே, அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றம் தவறு என ஒப்புக்கொண்டு, பழையவற்றை மறந்து மன்னிக்கும்படி கேட்டார். ஒப்புக்கொண்டது சிறிய செயலன்று. ஆயினும் நவவி அவர்களின் நான்கு நிபந்தனைகளையும் அதன் அருகில் வைத்துப் பார்த்தால், வருத்தம் இருந்தது, நான்காவது இல்லை. பறிபோன தோடு திரும்பி வரவில்லை.

தமிழர் அனைவரும் குற்றவாளிகளோ எனச் சிலர் சினந்து கேட்பர். இஸ்லாத்தின் விடை தெளிவானது. ஓர் ஆன்மா மற்றோர் ஆன்மாவின் சுமையைச் சுமவாது என்பது திருக்குர்ஆன் பல இடங்களிலும் வற்புறுத்தும் நியதி. அன்று துப்பாக்கிக்கு அஞ்சி வாய் மூடி அழுத அயலவன்மீது, கட்டளையிட்டவனின் பாவம் சாராது. ஆனால் அந்நியதிக்கு மறுபக்கமும் உண்டு. அவனவன் சுமையை அவனவனே சுமக்க வேண்டும். மலிவு விலைக்கு வந்த கதவுநிலை எவ்வீட்டினது என்று தெரிந்தே வாங்கியவனும், ஆளில்லாக் காணியின் வேலியைச் சற்றே உள்ளே தள்ளியவனும் இயக்கத்தின்மீது பழியைப் போட்டுத் தப்ப இயலாது. அது அவரவர் கணக்கு.

நம் நாட்டுச் சட்டத்தில், பிறர் நிலத்தைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டு அனுபவித்தவனுக்கு உரித்துக் கிடைக்க வழியுண்டு. போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் தம் உரிமைக்காக வழக்காட இயலாதிருந்தோருக்கு அவ்விதி அநீதியாகும் எனக் கண்டு, 2016 இல் பாராளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டமே இயற்றியது. மனிதர் வகுத்த சட்டம் காலக்கெடுவை நீட்டும், குறைக்கும். ஏழு பூமிகளைப் பற்றிய அந்த எச்சரிக்கையிலோ காலக்கெடு எதுவும் இல்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியை அங்கே காட்டவும் இயலாது.

இனி, மன்னிக்க வேண்டியோர் பக்கம். தீமைக்கு அதன் அளவே பதில். மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கோ இறைவனிடத்தில் கூலி உண்டு என்பது குர்ஆனின் போதனை. நபியவர்களும் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள்தாம். 622 இல் மக்காவை நீங்கியவர்கள் 630 இல் வெற்றியோடு திரும்பியபோது, எங்கே தங்குவீர்கள் எனத் தோழர் கேட்டார். உறவினர் அகீல் நமக்கென வீடு எதையேனும் விட்டுவைத்தாரா எனும் கருத்துப்பட விடையிறுத்து, கூடாரத்திலே தங்கினார்கள். துரத்தியவர்களையும் மன்னித்தார்கள். அப்பெருந்தன்மைக்கு ஈடில்லை. ஆனால் அது இழந்தவர் தாமாக ஈந்த கொடை. கொடையைக் கடனாக்கி, ‘நீங்கள் மன்னிக்கத்தானே வேண்டும்’ என்று பறித்தவன் பக்கத்திலிருந்து கேட்பது, இரண்டாம் முறை பறிப்பதற்கு ஒப்பாகும்.

யூசுப் நபியின் வரலாற்றிலும் நுட்பமான ஓர் இடம் உண்டு. கிணற்றில் தள்ளிய அண்ணன்மாரை யூசுப் அக்கணமே மன்னித்தார். ஆனால் அவர்கள் தந்தை யஃகூபிடம் சென்று தமக்காக மன்னிப்புக் கோரும்படி வேண்டியபோது, அவர் பின்னர் கேட்பதாகவே சொன்னார். வைகறை வேளைக்காகக் காத்திருந்தார் என உரையாசிரியர் சிலர் விளக்குவர். அழுதழுது கண்ணொளி இழந்த அத்தந்தைக்குச் சிறிது காலம் வேண்டியிருந்தது என்றே எமக்குத் தோன்றுகிறது.

போர் முடிந்த 2009 க்குப் பின்னர் சில குடும்பங்கள் சோனகத் தெருவுக்கு மீண்டன, பல மீளவில்லை. முதியோர் பலர் புத்தளத்து மண்ணிலேயே அடக்கமாயினர். உரியவர் இறந்துவிட்டால் உரிமை வாரிசுகளைச் சேரும். வாரிசையும் எவ்வகையிலும் காண இயலாதபோதே அவர் பெயரால் தருமம் செய்து, இறைவனிடம் முறையிடலாம் என்பது மார்க்க அறிஞர் கூறும் வழி. அவ்வழிக்குச் செல்லும் நிலை இன்னும் வந்துவிடவில்லை. வாரிசுகள் இருக்கின்றனர்; பலர் கையில் பழைய உறுதிகளும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பேருந்துகள் பல புத்தளம் வழியாகத்தான் செல்கின்றன.