காப்பிப் பூ பூத்திருந்த காலை

எங்கள் வீட்டில் பயணம் என்றால் கோயில், இல்லாவிட்டால் கல்யாணம். சும்மா ஊர் பார்க்கப் போகிற வழக்கமே கிடையாது. அப்படியிருக்க போன பங்குனியில் மதுரையிலிருந்து ஏற்காட்டுக்குக் காரில் கிளம்பினோமே, அதற்குக் காரணம் ஒரு பழைய பாக்கி.

ஏற்காட்டில் இருப்பவள் என் பள்ளித் தோழி. ஒரே பெஞ்ச், ஒரே டிபன் டப்பா. கல்யாணமாகி அந்த மலைக்குப் போனாள். நாலு ஏக்கர் காப்பித் தோட்டம், சின்ன வீடு. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கணவர் திடீரென்று தவறிவிட்டார். அதே வாரம் என் மகளுக்குப் பிரசவம். நான் போகவில்லை. போனில் நாலு வார்த்தை பேசினேன், இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் கூப்பிடவே கூச்சமாகிவிட்டது. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று தள்ளித் தள்ளி இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"இது போனில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை, கிளம்பு" என்றார் என் கணவர். மகளும் இரண்டு வயதுப் பேத்தியும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டோம். மொத்தம் சுமார் 260 கிலோமீட்டர். திண்டுக்கல் தாண்டி, கரூரில் இவரோடு வேலை பார்த்தவர் வீட்டில் இறங்கினோம். ஐந்து நிமிஷம் என்றுதான் சொல்லிப் போனோம். "சாப்டாம எப்படிங்க்கா போவீங்க?" என்று அந்த அம்மாள் இலை போட்டுவிட்டார். வேலூர்ப் பாலத்தில் காவேரியைத் தாண்டியதும் இரு பக்கமும் வெற்றிலைக் கொடிக்கால்கள், தென்னை. கண்ணுக்கே குளிர்ச்சி. நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயர். அவருக்கு மேற்கூரையே கிடையாது. வெயிலும் மழையும் அவர் மேல்தான்.

சேலம் தாண்டி அடிவாரத்திலிருந்து மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். பேத்திக்கு ஒவ்வொரு வளைவையும் எண்ணிக் காட்டினோம். ஏழாவதில் தூங்கிவிட்டாள்!

தோழி வாசலில் நின்றாள். "வா" என்றாள். "வாடி" இல்லை, வெறும் "வா". எனக்குச் சுருக்கென்றது. காப்பி கொடுத்தாள், குழந்தைக்குப் பால் ஆற்றினாள், எல்லாம் செய்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் வாய் திறந்தாள். "பதினாறாம் நாள் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"மகளுக்குப் பிரசவம்..." என்று ஆரம்பித்தேன்.

"பிரசவத்தை விட்டுட்டு வரச் சொன்னேனா? அடுத்த மாசம் வந்திருக்கலாம். அதுக்கு அடுத்த மாசம் வந்திருக்கலாம்."

எனக்குப் பதில் இல்லை. "தப்புதான்" என்று மட்டும் சொன்னேன். அவள் பேசாமல் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.

மறுநாள் காலை 6 மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினாள். "எந்திரி, ஒண்ணு காட்டணும்."

வீட்டுக்குப் பின்னால் போய் நின்றதும் அப்படியே மலைத்துப் போனேன். காப்பிச் செடி முழுக்க வெள்ளை வெளேரென்று பூ! கிளைக் கணுக்களில் கொத்துக் கொத்தாக, மல்லிகை மாதிரியே வாசனை. கோடை தொடங்கும்போது நல்ல மழை ஒன்று பெய்தால், எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் பூத்துவிடுமாம். இரண்டு மூன்று நாளில் வாடியும் விடுமாம். அப்புறம் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நன்றாக நிற்கும். பழம் பறிப்பது கார்த்திகை, மார்கழியில்.

"நாலு நாள் கழிச்சு வந்திருந்தா இது இருந்திருக்காதுடி" என்றாள். அந்த "டி"யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தாராம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றியிருக்கிறாள். "அவர் இருந்தப்ப கணக்கு நோட்டை நான் தொட்டதே இல்லை. இப்ப ஆள் கூலி, உரம், மிளகு விலை எல்லாம் என் தலையிலதான்" என்றாள். பெருமையா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மற்ற இரண்டு நாளும் ஊர் சுற்றினோம். ஏரியில் படகு, 5300 அடிக்கு மேலே சேர்வராயன் குகைக்கோயில், ஆர்க்கிட் செடிகளுக்கென்றே இருக்கும் தோட்டம். லேடீஸ் சீட்டில் இருட்டும்வரை உட்கார்ந்தால் கீழே சேலம் நகரமே விளக்கு ஏற்றி வைத்த கொலு மாதிரி தெரிகிறது.

கைக்குழந்தையோடு மலை ஏறப் போகும் இளம் தாய்மார்களுக்கு நான் கண்ட சில விஷயங்கள்:

ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது.

வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பார்வையை வைக்கட்டும். புத்தகம், செல்போன் வேண்டாம். இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வாந்தி மாத்திரை தரக்கூடாது.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய குழந்தைக்குத் தண்ணீர் கொடுங்கள். விழுங்க விழுங்கச் சரியாகிவிடும்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று வண்டி ஓட்டுபவருக்கு நினைவூட்டுங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடவேண்டும்.

ஸ்வெட்டர், குல்லா, காய்ச்சி ஆறிய தண்ணீர், பழைய துண்டு இரண்டு, பிளாஸ்டிக் பை நாலு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

கிளம்பும்போது காப்பிப்பொடியும் மிளகும் கட்டிக் கொடுத்தாள். "அடுத்த தடவை தனியா வா. நாலு நாள் இரு" என்றாள். மார்கழியில் பழம் பறிக்கும்போது வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படிப் போகாமல் விட்ட வீடு ஒன்று இருக்கும். நாள் கடந்துவிட்டதே, எந்த முகத்தோடு போவது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். திட்டு விழத்தான் செய்யும். வாங்கிக்கொள்ளலாம், போய் வாருங்கள்.