காருகுறிச்சியாரின் நாதமும் கரிசற்காட்டின் கடமையும்

ஓவியன் மறைந்தாலும் ஓவியம் சுவரில் நிற்கின்றது. சிற்பி மறைந்தாலும் சிலை மண்டபத்தில் நிற்கின்றது. புலவன் மறைந்தாலும் பாட்டு ஏட்டில் நிற்கின்றது. நாகசுரம் வாசித்தவன் மறைந்தால் அவன் நாதம் எங்கே நிற்கும்? ஒலியைப் பதியும் கருவி தோன்றுமுன், கேட்டவர் நெஞ்சில் என்பதன்றி இவ்வினாவிற்கு வேறு விடை இருந்ததில்லை. இன்று விடைகள் பல உண்டு. அவற்றுள் சிறந்தது எது, அதனைக் காக்க வேண்டியவர் யாவர் என்பனவற்றை, நம் பகுதியில் வாழ்ந்த ஒரு பெருங்கலைஞரை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அக்கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் ஆவார். சேரன்மாதேவிக்கு அண்மையிலுள்ள காருகுறிச்சியில் 1921ஆம் ஆண்டு பிறந்த அவர், நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையிடம் மாணவராய் அமர்ந்தார். குருவின் அருகில் நின்று உடன் வாசித்துப் பழகினார். பின்னர்த் தனிக்குழு அமைத்துத் தமிழ்நாடெங்கும் புகழ் பெற்றார். காவிரிக் கரைக்கே உரியதென எண்ணப்பட்டிருந்த பெருவங்கியக் கலைக்குத் தென்கோடியிலும் ஒரு சிகரம் உண்டென்பதைக் காட்டியவர் அவரே. தாமிரவருணிக் கரையில் பிறந்தும், வானம் பார்த்த பூமியாகிய கரிசல் நாட்டின் கோவிற்பட்டியையே தம் வாழ்விடமாகக் கொண்டார். நாற்பத்து மூன்றை ஒட்டிய வயதிலேயே, 1964ஆம் ஆண்டில், அவர் மறைந்தார். கோவிற்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. சிலை அவருருவைக் காட்டும், அவரைக் கேட்பிக்குமோ?

பெருமரத்தின் நிழலில் மற்றொரு மரம் எளிதில் வளராது என்பர். இராஜரத்தினம் பிள்ளையோ சாதாரண மரம் அல்லர். நாகசுரத்தின் உருவையே மாற்றியவர் அவர். குறுகிய திமிரி நாகசுரத்தின் உச்சச் சுருதியை விடுத்து, நீண்ட பாரி நாகசுரத்தை நிலைநாட்டியவர். 1947இல் நாடு விடுதலை பெற்ற நன்னாளில் அவருடைய நாகசுரம் தில்லியில் மங்கலமாய் ஒலித்தது. அத்தகையவரின் பக்கத்தில் இரண்டாம் நாகசுரமாய் நின்றவர், தனித்து வெளிப்போந்து தம் குரலைத் தாமே காண்பது எத்துணை அரிது! குருவின் வழியை விடவும் கூடாது. குருவின் பிரதியாய் நின்றுவிடவும் கூடாது. காருகுறிச்சியார் இவ்விரண்டிற்கும் இடையே தமக்கென ஒரு வழி கண்டார். குருவின் வாசிப்பில் கம்பீரம் மிகுதி, மாணவரின் வாசிப்பில் குழைவு மிகுதி என்று இரசிகர் பலர் கூறுவர். இக்கூற்று உண்மையா என்று அறிய நமக்குள்ள கருவி யாது?

பெரும்பாலோர் உடனே சுட்டுவது ஒரு திரைப்படப் பாட்டை. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' என்னும் படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாகசுரம் இணைந்து ஆபேரி இராகத்தில் ஒலித்தது. அப்பாட்டுத் தமிழர் வாழும் ஊர்தோறும் பரவிற்று. நாகசுரக் கச்சேரியை ஒருநாளும் கேட்டறியாதவரும் அதனால் காருகுறிச்சி என்னும் ஊர்ப்பெயரை அறிந்தனர். அதன் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அஃது ஒன்றே காருகுறிச்சியார் என்று கொள்வது, கடலைக் கிண்டியில் முகந்து, கடல் இவ்வளவே என்று கூறுவதை ஒக்கும். சில நிமிடங்களில், பாடகியின் குரலுக்கும் கதையின் போக்கிற்கும் அடங்கி ஒலித்த நாதம் அது. அவருடைய ஆற்றலின் ஒரு துளி அதில் உண்டு. அவருடைய கலையின் முறை அதில் இல்லை.

கிராமபோன் தட்டின் செய்தியும் அற்றே. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சிறிது மிகுதியாகவே ஒலி அடங்கும். கீர்த்தனை ஒன்றைச் சுருக்கி அதில் அடைக்கலாம். தோடியையோ கல்யாணியையோ மணிக்கணக்கில் விரித்துச் செல்லும் வித்துவானை அதில் அடைப்பது எங்ஙனம்? இராகத்தைத் தொடங்கி, அதன் ஒவ்வொரு சுரத்திலும் தங்கி, மேலே ஏறி, ஏறிய உச்சியில் மூச்சடக்கி நின்று, கேட்போரைக் காக்க வைத்து, பின்னர் மெல்ல இறங்கி வருவதே ஆலாபனை. அதற்குக் காலம் வேண்டும். பொழுதை நோக்காத மனம் வேண்டும். தட்டில் இவ்விரண்டும் இல்லை.

நாகசுரம் அறைக்குள் பிறந்த வாத்தியமும் அன்று. ஆச்சா மரத்தாலாகிய நீண்ட உடலும், நாணற்றட்டையினின்று செய்யப்படும் சீவாளியும், விரிந்த அணசும் வெளியில், வீதியில், திரளின் நடுவே ஒலிப்பதற்கென்றே அமைந்தவை. நம் பசுவந்தனையையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள கயிலாசநாதர் கோயிலைப் போன்றதொரு சிவாலயத்தில் சுவாமி புறப்பாட்டிற்கு மல்லாரி ஒலிக்க வேண்டும். வீதி திரும்புமிடங்களில் நின்று இராகம் வாசிக்க வேண்டும். தவில்காரர் வீசும் சொற்கட்டிற்கு அக்கணமே விடை பகர வேண்டும். கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்துக் களைத்த குடியானவர் வீதியில் அமர்ந்து கேட்பர். அவர் தலையசைத்தால் இராகம் நீளும். அவர் எழுந்தால் அது குறுகும். ஆகவே கேட்போரும் அவ்விசையின் ஒரு பகுதியே. அவரை நீக்கிவிட்டு, நாற்புறமும் அடைத்த அறையில் ஒலிவாங்கியின் முன் வாசிக்கச் செய்தால், கிடைப்பது நாகசுரத்தின் நிழலே என்பது நம் துணிபு.

எனவேதான் திருமணப் பந்தல்களிலும் கோயில் விழாக்களிலும் சபைகளிலும் அவர் வாசித்தபொழுது அங்கேயே பிடிக்கப்பட்ட நேரடிப் பதிவுகளை நாம் பெரிதும் மதிக்கின்றோம். சுருள்நாடாக் கருவி வைத்திருந்த வசதியுள்ள இரசிகர்கள் அக்காலத்தில் இத்தகைய பதிவுகளைச் செய்தனர். வானொலியும் கலைஞர் பலரின் வாசிப்பைப் பதிந்து காத்தது. இன்று இணையத்தின் வாயிலாக அவருடைய கச்சேரிப் பதிவுகள் சில நமக்கும் கிட்டுகின்றன. அவற்றைக் கேட்கும்பொழுதுதான் குருவினின்று மாணவர் எங்கே ஒன்றுகின்றார், எங்கே விலகுகின்றார் என்பது விளங்குகின்றது. முன்னே எழுப்பிய வினாவிற்கு விடை ஆங்கு உளது, திரைப்பாட்டில் இல்லை.

மேனாட்டார் இவ்வுண்மையைத் தம் ராக் இசையில் நன்கு கண்டுள்ளனர். பீட்டர் ஃபிராம்ப்டன் என்னும் ஆங்கிலேயக் கித்தார்க் கலைஞர் 'ஹம்பிள் பை' என்னும் குழுவினின்று 1971இல் விலகித் தனித்து வாழ்வு தொடங்கினார். அறையில் பதிந்து அவர் வெளியிட்ட தட்டுகள் சிறிதளவே விலை போயின. ஊர் ஊராகச் சென்று மேடையில் அவர் வாசித்ததைக் கேட்டவர்களோ மகிழ்ந்து ஆரவாரித்தனர். அம்மேடை வாசிப்பே திரளின் ஆரவாரத்தோடு பதியப்பெற்று 1976இல் இரட்டைத் தட்டாக வெளிவந்தது. பல இலட்சக்கணக்கில் விற்று, அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தையும் எய்தியது. அறைப்பதிவு காட்டாத கலைஞனை மேடைப்பதிவு காட்டிற்று. இசை வேறு, நாடு வேறு. ஆயினும் படிப்பினை ஒன்றே. ஒரு வேறுபாடும் உண்டு. ஆங்கே மேடைக்குக் கருவி கொண்டு சென்றது வணிக நிறுவனம். ஈங்கோ பெரும்பாலும் தனி இரசிகரின் ஆர்வமே. நிறுவனத்தின் பதிவு அதன் காப்பறையில் இருக்கும். இரசிகரின் பதிவு அவர் வீட்டுப் பரணில் இருக்கும். நம் கவலை அப்பரணைப் பற்றியது.

ஈண்டு ஒரு தடை எழலாம். "அப்பதிவுகளில் குழந்தை அழுகின்றது, வெடி வெடிக்கின்றது, பந்திக்கு அழைக்கும் ஓசை கேட்கின்றது. இத்தகைய இரைச்சலைக் காப்பதால் யாது பயன்?" என்பர் சிலர். தெளிவான ஒலி வேண்டுமென்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் பழைய கல்வெட்டில் எழுத்துச் சிதைந்துள்ளதென்று எவரேனும் கல்லை உடைத்தெறிவரோ? இரைச்சலைக் குறைக்க இன்று கருவிகள் உண்டு. அழிந்துபோன ஆலாபனையை மீட்கும் கருவி எங்கும் இல்லை. மேலும், அவ்விரைச்சலே நமக்கு ஒரு சான்று. இத்துணை ஆரவாரத்தின் நடுவே இராகம் உச்சியை அணுகுங்கால், பந்தல் முழுவதும் ஒருகணம் அடங்கி ஒடுங்குமாயின், கலைஞனின் ஆற்றலை அவ்வமைதியைவிட எது நன்கு அளக்கும்?

இசையைக் காத்தல் கரிசல் நாட்டிற்குப் புதியதோர் பணி அன்று. முத்துசாமி தீட்சிதர் தம் இறுதி நாட்களில் எட்டயபுரம் வந்து, 1835இல் அங்கேயே மறைந்தார். வறண்ட இந்நிலத்தைக் கண்டு மனமுருகி, மழை வேண்டி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அவர் பாடினார் என்பது கர்ணபரம்பரை. அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், இராகங்களையும் கீர்த்தனைகளையும் கமகக் குறிகளோடு எழுதித் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. அதற்கு அரசரின் பொருளுதவி இருந்தது. மரபுரிமையாக வந்த செல்வத்தை வெளியிடுமாறு தூண்டி நின்றோருள் சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அறிஞரும் ஒருவர் என்பதை நம் கல்லூரி மாணவர் நினைவில் இருத்தல் நன்று. சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரும் தம் கைப்பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டவரன்றோ? கலையைக் காப்பதில் இவர்கள் சமய வேற்றுமை பாராட்டவில்லை. நாமும் பாராட்ட வேண்டுவதில்லை.

ஆனால் சுப்பராம தீட்சிதர் காத்தவற்றுள் பெரும்பகுதி எழுத்தில் அடங்கும் இசை. கீர்த்தனைக்குச் சுரக்குறிப்பு உண்டு. நாகசுர ஆலாபனையோ அக்கணத்தில் பிறந்து அக்கணத்தில் மறைவது. அதன் உயிரை எந்தச் சுரக்குறிப்பும் முழுவதும் பிடியாது. அதனை ஒலியாகவே காத்தல் வேண்டும். எட்டயபுரம் ஏட்டில் செய்த பணியைக் கோவிற்பட்டியும் பசுவந்தனையும் விளாத்திகுளமும் ஒலியில் செய்ய வேண்டிய காலம் இது.

காலம் என்றோம், அது குறுகியது. காந்த ஒலிநாடா சாகாவரம் பெற்றதன்று. வெப்பத்தாலும் ஈரத்தாலும் அதன் பூச்சு உதிர்கின்றது, பூஞ்சை பற்றுகின்றது, நாடா சுருங்கி நெளிகின்றது. நாடா நன்றாயிருப்பினும் அதனை ஓட்டும் பழைய கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது. பதிந்த இரசிகர்களோ முதுமையுற்று ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர் மக்கள் வீட்டை இடித்துக் கட்டும்பொழுது, பரணிலிருந்த பெட்டி பழைய இரும்போடும் தாளோடும் எடைக்குப் போகின்றது. அஃது எவருடைய குற்றமும் அன்று. உள்ளே இருப்பது யாதென அவர்க்கு ஒருவரும் உரைக்கவில்லை.

ஆதலின் நம் மாணவர் செய்யக்கூடியன சிலவற்றைக் கூறுகின்றோம். விடுமுறையில் தத்தம் ஊர் செல்வோர், மூத்தோரை அணுகிப் பழைய நாகசுரப் பதிவு எவரிடமேனும் உண்டா என வினவுக. கிடைத்த நாடாவை ஆர்வத்தால் உடனே ஓட்டிப் பாராதிருக்க. பழுதுற்ற நாடா ஒரு முறை ஓடினும் அறுந்துவிடலாம். கருவி அறிந்தவரிடம் சேர்ப்பித்து, கணினியில் சுருக்காத முழு ஒலியாகப் படியெடுக்க. ஒரு மணி நேர நாடாவைப் படியெடுக்க ஒரு மணி நேரம் ஆகும்; இதில் குறுக்கு வழி இல்லை. எடுத்த படியை ஓரிடத்தில் வையாது ஈரிடத்தில் வைக்க. எந்த ஊர், எந்த விழா, தவில் வாசித்தவர் யார், எந்த இராகத்தைத் தொடர்ந்து எது வந்தது என்பனவற்றை, அறிந்தோர் உயிரோடிருக்கும்பொழுதே கேட்டெழுதுக. பெயரும் ஊரும் அற்ற பதிவு தலைப்பேடு இழந்த சுவடியை ஒக்கும். மூல நாடாவை உரியவரிடமே நன்றியோடு திருப்புக. அவர் இசைவும் கலைஞர் குடும்பத்தாரின் இசைவும் இன்றி அதனைப் பொதுவில் பரப்புதலும் விலைக்கு விற்றலும் கூடா. காத்தல் வேறு, கவர்தல் வேறு.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; பொறுமையும் கேட்கும் செவியுமே வேண்டும். காருகுறிச்சியாருக்குச் சிலை எடுத்தோர் தம் கடமையைச் செய்தனர். அச்சிலையைக் கடந்து கல்லூரிக்கு வரும் நாம் நம் கடமையைச் செய்தோமா? அவர் ஊதிய மூச்சு காற்றில் கலந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அம்மூச்சின் ஒரு பகுதி இன்னும் ஏதோ ஒரு கரிசற்காட்டு வீட்டின் பரணில், துணியிற் சுற்றிய பெட்டிக்குள் அடங்கியிருக்கக் கூடும். அடுத்த கோடைக்கு முன் அதனைத் தேடி எடுப்போமாக.