கேட்கும் எழுத்து

பார்வையற்ற பிள்ளைக்குக் கல்வி என்றால், வன்னியில் உள்ள பெற்றோருக்கு நெடுங்காலம் அது பிரிவு என்றே பொருள்பட்டது. இலங்கையில் இத்தகைய முதற் பாடசாலை, 1912இல் தொடங்கி, இன்று இரத்மலானையில் உள்ள பாடசாலை. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை பின்னர் வந்தது. எங்கே அனுப்பினாலும் பிள்ளை வீட்டைவிட்டுப் போகத்தான் வேண்டும். 2009இல் முடிந்த போரோ வளர்ந்தவர் பலரது பார்வையையும் பறித்துச் சென்றது.

இவர்களுக்குப் பழைய துணை, பிரான்சு நாட்டு லூயி பிறெயில் 1824இல், தமது 15ஆம் வயதில் வகுத்த ஆறு புள்ளி எழுத்து. தமிழுக்கும் அம்முறை உண்டு. நமது 247 எழுத்துக்களுக்கும் 247 குறிகள் வேண்டியதில்லை. ‘கா’ என்று எழுத, ‘க’வின் குறியை அடுத்து ‘ஆ’வின் குறியை இட்டாற் போதும். ஆயினும் பிறெயில் நூல்கள் பருமனானவை, எளிதிற் கிடைப்பதுமில்லை.

புதிய துணை, எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள். பார்வையற்றவரான அவுஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் வாசிக்கிறது. கைத்தொலைபேசியிலும் இத்தகைய குரல் உண்டு. பாடம் இப்போது பிள்ளையின் வீட்டுக்கே வரலாம்.

ஆனால் அதற்கு நாமே ஒரு தடை போட்டிருக்கிறோம். முல்லைத்தீவில் பார்வையற்ற மாணவி ஒருத்தி, தனக்கு வந்த பாடக்குறிப்பைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘அம்மா’ என்று இருக்கிறது. குரலோ ‘எம், கே, கே, எச்’ என்று உளறுகிறது! காரணம், அது பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. கணினிக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. நாம் போர்வையைப் பார்க்கிறோம். குரல் உள்ளிருப்பதை வாசிக்கிறது. அறிவித்தலைப் படம் பிடித்து அனுப்பினாலோ, பல வேளைகளில் ‘படம்’ என்பதோடு குரல் நின்றுவிடும். படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தறியும் கருவிகளும் மங்கலான படத்திலும் கையெழுத்திலும் தடுமாறுகின்றன.

இதற்கு மருந்து யுனிகோட். அதில் தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி எண்கள் உண்டு. எந்தக் கருவியும் அதைத் தமிழென்றே அறியும். பாமினியில் உள்ளதை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. படம் அனுப்புவோர் அதன் கீழே விடயத்தைத் தட்டச்சுச் செய்துவிடலாம். காசு கொடுத்து உதவ இயலாதவரும் செய்யக்கூடிய உதவி இது.

மாணவர்களே, இன்று ஞாயிறு. உங்களிடமுள்ள பாடக்குறிப்பு ஒன்றை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, கைத்தொலைபேசியை அதை வாசிக்கச் சொல்லுங்கள். பாடம் விளங்கினால், அதைப் பார்வையற்ற ஒரு தோழருக்கு அனுப்பிவையுங்கள்.