‘பாஸ்வேர்டு மறந்துடுச்சு தம்பி!’ - ஹெல்ப்டெஸ்க், புராஜெக்ட் இரண்டும் ஒரே ஆள் தலையில் விழுந்தால்..?

பெரிய ஐ.டி நிறுவனங்களில் ஹெல்ப்டெஸ்க்குக்குத் தனி டீம், புராஜெக்ட்டுக்குத் தனி டீம் இருக்கும். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனியில் அது கட்டுப்படியாகாது. ‘பாஸ்வேர்டு மறந்துடுச்சு தம்பி’ என்று வரும் போனை எடுப்பவரும், மாதக் கடைசிக்குள் சர்வரை மாற்றி முடிக்க வேண்டியவரும் ஒரே ஆள்தான்.

இது இனி சென்னைக் கதை மட்டுமல்ல. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. பிரம்மதேசம், மரக்காணம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் ஐ.டி வேலை தேட ஒரு வாசல் திறந்திருக்கிறது. சின்ன கம்பெனியில் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சப்போர்ட் வேலை. சிக்கல் வருவது சம்பள உயர்வு நேரத்தில். ‘என்ன புராஜெக்ட் முடிச்சீங்க?’ என்றுதான் கேட்பார்கள். வருஷம் முழுக்க ஓடியோடித் தீர்த்துவைத்த புகார்கள் கணக்கில் வராது.

ஒரு போன்தானே?

வேலையின் நடுவே குறுக்கீடு வந்தால், விட்ட இடத்துக்குத் திரும்பிவர சராசரியாக 23 நிமிடங்கள் ஆகின்றன என்கிறார், இதை ஆராய்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க். காலையில் நான்கு போன் வந்தாலே ஒன்றரை மணி நேரம் போச்சு. பகலில் முடியாத புராஜெக்ட் ராத்திரிக்குத் தள்ளிப்போகும். 11 மணிக்கும் பிள்ளை லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பெற்றோர் நினைத்துவிட வேண்டாம்.

உடைந்த டி.வி சொன்ன பாடம்

கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிவந்தபோது, அவருடைய டி.வி உடைந்து வந்து சேர்ந்தது. இன்ஷூரன்ஸ் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார், பலனில்லை. இணையத்தில் பலர் பார்க்கும்படி எழுதிய பிறகே பணம் வந்தது. 2010-ல் அவர் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போனது.

இத்தகைய ஹெல்ப்டெஸ்க் மென்பொருளின் அடிப்படை எளிமையானது. போனோ, மெயிலோ, எப்படிப் புகார் வந்தாலும் அதற்கு ஒரு டிக்கெட் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு. காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத கம்பெனி, ஒரு எக்ஸெல் ஷீட்டிலேயே இதைத் தொடங்கலாம்.

என்ன செய்யலாம்?

* முறை வையுங்கள்: இரண்டு பேர் இருந்தால் காலையில் ஒருவர் போன் எடுக்கட்டும், மதியம் மற்றவர். ஒரே ஆள் என்றால் தினமும் இரண்டு மணி நேரம் புராஜெக்ட்டுக்கு மட்டும் என ஒதுக்குங்கள்.

* எது அவசரம் என எழுதி ஒட்டுங்கள்: ஆபீஸ் மொத்தமும் நின்றுபோனால் உடனே பார்க்க வேண்டும். ஒருவருக்கு பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் மாலைக்குள் பார்த்தால் போதும். இதை முதலாளியே அறிவிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னால் சீனியர்கள் கேட்க மாட்டார்கள்.

* மூன்று முறை வந்தால் வேரைத் தேடுங்கள்: ஐ.டி சேவைக்கான ‘ஐடில்’ வழிகாட்டி நெறிகள், ஒருமுறை வரும் கோளாறையும் அதற்குப் பின்னால் இருக்கும் மூலகாரணத்தையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கின்றன. பாஸ்வேர்டு புகார் திரும்பத் திரும்ப வருகிறதா? ஊழியர்கள் தாங்களே மாற்றிக்கொள்ள வழி செய்வதை ஒரு புராஜெக்ட்டாக எடுங்கள். போன்களும் குறையும்.

* உச்சவரம்பு வையுங்கள்: கூகுளில் சர்வர்களைக் கவனிக்கும் இன்ஜினீயர்கள், இப்படிப்பட்ட அன்றாட வேலைகளுக்குப் பாதி நேரத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று விதி வைத்திருப்பதாக, அந்த நிறுவனத்தினர் 2016-ல் எழுதிய புத்தகம் சொல்கிறது. மீதிப் பாதி, புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு. சின்ன கம்பெனிக்குப் பாதி முடியாவிட்டாலும், வாரத்தில் ஒன்றரை நாளாவது ஒதுக்க முடியும்.

ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்துக்கு எத்தனை டிக்கெட் முடித்தீர்கள், எந்தப் புகாரை மறுபடி வராமல் செய்தீர்கள் என்று இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். சம்பள உயர்வு பற்றிப் பேச உட்காரும்போது, அந்தக் கணக்கை முதலில் மேஜை மீது வையுங்கள்!