‘லாம்’ என்ற சொல் சோறு போடுமா?

மூலக்குளத்தில் ஒரு வாலிபன் வாடகைக்கு அறை தேடி அலைகிறான் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். நேற்றோடு 18 வயது பூர்த்தியாயிற்று. இன்று வெளியே வந்துவிட்டான்.

“தம்பி, அப்பாவுக்கு என்ன வேலை? சொந்த ஊர் எது? முன்பணம் யார் கட்டுவார்?” என்று கேட்கிறார் வீட்டுக்காரர். மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. கதவு சாத்தப்படுகிறது. கடன் கேட்டால் ஜாமீன் எங்கே என்கிறார்கள். சாதிச் சான்று கேட்டால் தகப்பன் சான்றைக் கொண்டுவா என்கிறார்கள். தகப்பன் இல்லாததுதானே அவன் குறை!

நம் வீட்டுப் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் நாம் பாயைச் சுருட்டிக் கொடுத்து வெளியே தள்ளுகிறோமா? கூலி வேலை செய்தாவது இன்னும் நாலு வருஷம் சோறு போடுகிறோம். சர்க்கார் என்ற தகப்பன் மட்டும் ஒரே இரவில் கை கழுவுவது என்ன நியாயம்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 46வது பிரிவு, இல்லத்தைவிட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பண உதவி ‘அளிக்கப்படலாம்’ என்கிறது. கவனியுங்கள், தோழர்களே! ‘அளிக்க வேண்டும்’ என்று இல்லை, ‘லாம்’! 2022இல் மத்திய சர்க்கார் வகுத்த வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு 133 ரூபாய்! இதில் வாடகை, சோறு, பஸ், படிப்பு எல்லாம் அடங்க வேண்டுமாம். அதுவும் 21 வயது வரை. 23 வரை நீட்டிக்க‘லாம்’. மறுபடியும் அதே ‘லாம்’!

1954 வரை நம்மை ஆண்ட பிரான்சைப் பாருங்கள். 2012இல் அந்நாட்டு சர்க்காரின் புள்ளிவிவர நிலையம் எடுத்த கணக்கில், பிரான்சில் பிறந்த வீடற்றோரில் 100க்கு 23 பேர் சிறுவயதில் சர்க்கார் பராமரிப்பில் இருந்தவர்கள். பணக்கார நாட்டின் லட்சணம் இது! வளர்ந்து வெளியே வந்தவர்களே அங்கு குரல் எழுப்பினார்கள். 2022 பிப்ரவரி 7ஆம் தேதிச் சட்டம், வருமானமும் குடும்ப ஆதரவும் இல்லாத இவர்களுக்கு 21 வயது வரை துணை நிற்பதைக் கட்டாயக் கடமையாக்கியது. ‘லாம்’ அங்கே ‘வேண்டும்’ ஆயிற்று.

நமக்கு இது புதிய பாடமா? 1936 ஜூலை 30இல் புதுவை ஆலைத் தொழிலாளர் 12 பேர் குண்டடிபட்டு மாண்டார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எந்த எஜமானனும் மனமிரங்கித் தரவில்லை.

“நம் பிள்ளைகளுக்கே வேலை இல்லை, ரோடியர் மில்லும் 2020இல் மூடியாயிற்று. இதில் அனாதைப் பிள்ளைகளைப் பற்றி என்ன கவலை?” என்று சிலர் கேட்பார்கள். இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உண்டு. வறுமைதான் அவர்களை அங்கே சேர்த்தது. இன்று நாம் படுக்கையில் விழுந்தால் நாளை நம் பிள்ளையும் அங்கேதான். மேலும், போக்கிடமற்ற வாலிபனைப் பார்த்தால் காண்டிராக்டருக்குக் கொண்டாட்டம். பாதிக் கூலிக்கு அவனை நிறுத்துவான்; பிறகு அதே கூலியை நம்மிடமும் காட்டுவான். அவன் வயிறு காய்ந்தால் நம் கூலியும் குறையும்.

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல, உரிமை. விதி வகுக்கும் அதிகாரத்தை 110வது பிரிவு மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. புதுவை சர்க்காரே, அதைக் கொண்டு ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று ஆக்கு! 23 வயது வரை தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் கொடு! தகப்பன் பெயர் கேட்காமல் சான்றுகளைக் கொடு!

தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வெளியே வரும் ஒவ்வொரு வாலிபனையும் பெண்ணையும் சங்கத்தில் சேருங்கள். “உனக்கு யார் ஜாமீன்?” என்று கேட்பவனிடம், “நாங்கள் இருக்கிறோம்!” என்று சொல்லுங்கள்.